சிமிலிபால் கரும்புலி: காடு கறுப்பாக்கியதா, வெறும் குருட்டு வாய்ப்பா?

1 | வரிப்புலி

ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சிமிலிபால் புலிகள் காப்பகம் பற்றி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "காடு இருட்டு, அதனால் புலியும் கறுத்துப் போச்சு" என்கிறார் ஒருவர். "பரிணாமத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று இன்னொருவர் தாளம் போடுகிறார். எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் புதைந்துவிடும் என்பதால் இங்கே தொடங்குகிறேன்.

முதலில், படத்தில் பார்க்கிற மாதிரி அது முழுக் கறுப்பு இல்லை. கறுப்பு வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மஞ்சள் தோல் இடுக்கில் மட்டும் தெரிகிறது. முகத்திலும் காலிலும் பழைய புலி அப்படியே இருக்கும். 2021இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் (முதன்மை ஆய்வாளர் வினய் சாகர்) இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டாக்பெப் என்ற ஜீனில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது. வீட்டுப் பூனையின் சுருள் சுருளான வரிக்கும், ஆப்பிரிக்காவின் 'கிங் சீட்டா'வின் பட்டைக்கும் காரணம் இதே ஜீனில் வரும் மாற்றங்கள்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் குட்டி கறுக்கும். அதாவது இது ஒடுங்கு பண்பு.

சிமிலிபால் புலிகளில் சுமார் 37 விழுக்காடு இப்படி. காட்டில் வேறெங்கும் இந்த நிறம் பதிவாகவில்லை. என் கேள்வி: ஏன் அங்கே மட்டும்?

2 | மழைக்காடன்

வாட்ஸ்அப்காரரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம் தலைவா. சிறுத்தையைப் பாருங்கள். வறண்ட காட்டில் கருஞ்சிறுத்தை அபூர்வம். ஈரமும் அடர்த்தியும் உள்ள காட்டில் அதிகம். கபினி கருஞ்சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, அது தற்செயலா? நிழல் அதிகமுள்ள இடத்தில் கறுப்பு உடம்பு மறைய உதவும். சிமிலிபாலும் சால் மரம் அடர்ந்த, நல்ல மழை பெய்கிற மலைக்காடு. சிறுத்தைக்கு ஒரு நியாயம், புலிக்கு ஒரு நியாயமா?

3 | பூச்சிக்காரன்

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். பாதி வாழ்க்கை பழ ஈயோடு போகிறது. அதனால் ஈயிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1956இல் பீட்டர் பூரி என்பவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். 107 ஈக்கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண் நிறத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீனின் இரண்டு வகைகள் சரிபாதியாக, 16க்கு 16. ஒவ்வொரு தலைமுறையிலும் பிறந்தவற்றில் கண்ணை மூடிக்கொண்டு 8 ஆணும் 8 பெண்ணும் எடுத்து அடுத்த புட்டியில் விடுவார்கள். அவ்வளவுதான். எந்த வகைக்கும் சலுகை கிடையாது. தீனியும் வெப்பமும் எல்லாப் புட்டிக்கும் ஒன்றே.

19 தலைமுறை முடிந்தபோது 30 புட்டிகளில் ஒரு வகை அடியோடு காணாமல் போயிருந்தது. 28 புட்டிகளில் அந்த வகை மட்டுமே மிச்சம். மீதி 49இல் இரண்டும் இருந்தன, ஆனால் விகிதம் புட்டிக்குப் புட்டி தாறுமாறு. 107 புட்டிகளையும் சேர்த்துக் கூட்டினால் மட்டும் கிட்டத்தட்ட அதே பாதிக்குப் பாதி! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் போய்விட்டது.

இதைத்தான் பாடப்புத்தகத்தில் மரபியல் நகர்வு என்கிறோம். உத்திரமேரூர் குடவோலையில் குடத்துக்குள் கைவிடும் சிறுவனுக்கு எந்த ஓலையில் யார் பெயர் என்று தெரியாது இல்லையா, அதே மாதிரிதான் அடுத்த தலைமுறைக்கு எந்தப் பிரதி போகும் என்பதும். ஆயிரக்கணக்கில் ஓலை எடுத்தால் விகிதம் பெரிதாகப் பிசகாது. முப்பது ஓலைதான் எடுக்கிறீர்கள் என்றால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், சில பெயர்கள் வரவே வராது. வராத பெயரை அடுத்த ஆண்டு குடத்தில் போட ஆள் இல்லை.

இப்போது சிமிலிபாலுக்கு வாருங்கள். 2022 அகில இந்தியக் கணக்கெடுப்பில் அங்கே 16 புலி. பூரியின் புட்டியில் இருந்ததும் 16தான். இது தற்செயல் ஒற்றுமை, ஆனால் வகுப்பில் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

4 | கணக்குப்பிள்ளை

கொஞ்சம் எண் போடட்டுமா?

அந்த 2021 ஆய்வில் சிமிலிபாலிலிருந்து கிடைத்தது 12 புலிகளின் மாதிரி. மயக்க ஊசி போட்டுப் பிடித்து எடுத்ததல்ல. காட்டில் கிடக்கும் எச்சம், முடி மாதிரியானவற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ. 12 புலி என்றால் 24 பிரதிகள். மாறிய பிரதியின் பங்கு 0.58, அதாவது 24இல் 14. மற்ற இடங்களிலிருந்து பார்த்த 395 புலிகளில் இது ஒன்றில்கூட இல்லை.

இரண்டு பக்கமும் மாறிய பிரதி வர வேண்டும் என்பதால் 0.58 × 0.58 = 0.34. நூற்றுக்கு 34 கறுப்பாக இருக்க வேண்டும். காட்டில் வைத்த தானியங்கிக் கேமரா (கேமரா ட்ராப்) சொல்வது 37. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் இந்தப் பொருத்தமே அதிகம்.

மழைக்காடன் அண்ணனுக்கு இன்னொரு கணக்கு. ஒரு பண்பு 1 விழுக்காடு கூடுதல் லாபம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். லட்சம் உயிர்கள் உள்ள கூட்டத்தில் அந்த ஒன்று போதும், இயற்கைத் தேர்வு மெல்ல மெல்ல அதை மேலே தூக்கிவிடும். ஆனால் உண்மையில் குட்டி போடுகிறவை 10தான் என்றால், அந்தக் குடவோலைக் குலுக்கலின் வலிமை 20இல் 1 என்ற அளவில் இருக்கும். அதாவது 5 விழுக்காடு. அந்த இரைச்சலில் 1 விழுக்காட்டு லாபத்தின் குரல் யார் காதில் விழும்? லாபம் மட்டுமில்லை, சின்ன நட்டமும் அப்படித்தான். கெடுதலான பண்புகூட அதிர்ஷ்டத்தில் மேலே வந்துவிடும்.

5 | மழைக்காடன்

கணக்கு சரி. ஆனால் "தற்செயலாக நடக்க முடியும்" என்பதும் "தற்செயலாகத்தான் நடந்தது" என்பதும் ஒன்றில்லை. ஈயை வைத்துப் புலிக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். புலியிடமிருந்தே சாட்சி இருக்கிறதா?

6 | பூச்சிக்காரன்

இருக்கிறது. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

காடுதான் கறுப்பைத் தேர்ந்தெடுத்தது என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? நிறத்துக்கான அந்த ஒரு இடத்தில் மட்டும் சிமிலிபால் புலி மற்ற புலிகளிடமிருந்து துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நிறத்தோடு சம்பந்தமில்லாத இடங்களில் அவ்வளவு வேற்றுமை இருக்கக் கூடாது. தேர்வு ஒரு ஜீனைத்தான் பிடித்து இழுக்கும், பக்கத்தில் ஒட்டியிருப்பவை வேண்டுமானால் கூடவே வரும். குலுக்கல் அப்படியில்லை. மரபுத்தொகுதி முழுவதையும் ஒரே சமயத்தில் கலைக்கும்.

அந்த 2021 ஆய்வுக் குழுவினர் மரபுத்தொகுதியில் 81 இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். நிறத்துக்கான இடத்தில் சிமிலிபாலுக்கும் மற்றவைக்கும் உள்ள வேற்றுமை அளவு (எஃப்எஸ்டி என்போம், 0 என்றால் வேற்றுமையே இல்லை, 1 என்றால் முழு வேற்றுமை) 0.33. பெரிய எண்தான். ஆனால் மற்ற இடங்களோடு வரிசையில் நிறுத்தினால் அது தனித்துத் தெரியவில்லை. நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் அந்த அளவுக்கு விலகல் உண்டு. கூடவே அந்தப் புலிகளிடம் மொத்தமாகவே மரபுப் பல்வகைமை குறைவு. கணினியில் ஓட்டிப் பார்த்தபோதும், சில புலிகளே ஆரம்பித்துவைத்த கூட்டம், வெளியிலிருந்து வரத்து இல்லை, பிறகு குலுக்கல் என்ற கதையே இந்த எண்ணைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது.

கறுப்பால் துளி லாபமும் இல்லை என்று இது நிரூபிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாபம் என்ற ஒன்றைக் கொண்டுவராமலே கதை முடிகிறது. சிறுத்தை விஷயம் வேறு. அங்கே பல காடுகளில், தனித்தனி வட்டாரங்களில், அதே ஈரக்காட்டுப் போக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் தேர்வு என்று சொல்ல இடம் உண்டு. புலிக்கு ஒரே ஒரு காடு. அதைவிட ஈரமான, இருட்டான காடுகளில் புலி இருக்கிறது. அங்கெல்லாம் மஞ்சள்தான்.

7 | புதுமுகம்_திருச்சி

வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெள்ளைப்புலியும் இதே கதைதானா? வண்டலூரில் இரண்டும் பார்த்த ஞாபகம்.

8 | வரிப்புலி

வாங்க. வண்டலூரில் கரும்புலியும் இருந்திருக்கிறது. நந்தன்கானன், வண்டலூர் போன்ற உயிரியல் பூங்காக்களில் வளர்ந்த புலிகளின் குடும்ப வரலாறு கையில் இருந்ததால்தான் எந்த ஜீன் என்றே பிடிக்க முடிந்தது.

ஆனால் வெள்ளைப்புலி வேறு ஜீன், வேறு கதை. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஆண்குட்டியை, பின்னால் அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டி. அது தற்செயல் இல்லை, மனிதன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. வளைந்த முதுகு மாதிரியான கோளாறெல்லாம் அந்த உறவுக் கலப்பின் பலன். இன்னும் அதைப் பார்த்துக் கைதட்டுகிறோம், என்ன செய்ய.

9 | கரக்பூர்க்காரன்

இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலை நிமித்தம் மேற்கு வங்கத்தில் இருக்கிறேன். 2024 டிசம்பர் முழுக்க இங்கே டீக்கடைப் பேச்சு ஒரே பேச்சுதான்: ஜீனத்.

தெரியாதவர்களுக்கு: சிமிலிபாலில் புது ரத்தம் வேண்டும் என்று மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் ஜமுனா, நவம்பரில் ஜீனத். ஜமுனா மாநில எல்லையைத் தாண்டவில்லை. ஜீனத்துக்கோ கால் நிற்கவில்லை. எல்லை தாண்டி ஜார்கண்ட் போய், அங்கிருந்து வங்கத்தின் ஜார்கிராம், புருலியா, கடைசியில் பாங்குரா. ரேடியோ காலர் போட்டிருந்ததால் எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் பிடிக்க முடியவில்லை. எருமைக்கன்றைக் கட்டி வைத்தார்கள், வலை கட்டினார்கள், நெருப்பு மூட்டினார்கள். கிராமங்களில் பள்ளிக்கூடம் போகப் பயம், சாயங்காலமானால் தெருவில் ஆள் இல்லை. டிசம்பர் 29ஆம் தேதி பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கொல்கத்தா அலிப்பூரில் வைத்திருந்து, திரும்பச் சிமிலிபாலுக்கே அனுப்பினார்கள்.

என் சந்தேகம் இதுதான். புலிக்கே நடக்கத் தெரிகிறதே! மூன்று மாநிலத்தை அளந்துவிட்டது. பிறகு சிமிலிபால் எப்படித் தனித்தீவாக ஆனது?

10 | பூச்சிக்காரன்

ஜீனத் போன வழியை மறுபடி படியுங்கள். போன இடத்தில் வேறொரு புலிக் கூட்டம் இருந்ததா? நடந்தால் மட்டும் ஜீன் ஓட்டம் ஆகாது. போய்ச் சேருகிற இடத்தில் துணை கிடைத்து, குட்டி போட்டு, அந்தக் குட்டியும் பிழைக்க வேண்டும். ஒரு காலத்தில் நடுவில் இருந்த சின்னச் சின்னக் காடுகளிலும் புலி இருந்தபோது சங்கிலி மாதிரி கைமாறிக் கைமாறி ஜீன் போனது. கண்ணிகள் அறுந்ததும் நடக்கிற புலி ஊருக்குள் வந்து முடிகிறது.

ஒடிசாவுக்கு இது முதல் முயற்சியும் இல்லை. 2018இல் சத்கோசியாவுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து மகாவீர், சுந்தரி என்று ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார்கள். சில மாதத்தில் மகாவீர் கண்ணியில் மாட்டிச் செத்தது. மனிதரைக் கொன்றதாகச் சுந்தரியைக் கூண்டில் அடைத்து, 2021இல் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளை பொண்ணு பார்த்து ஊர்வலம் விட்டால் மட்டும் கல்யாணம் நடந்துவிடாது.

11 | கணக்குப்பிள்ளை

அடுத்து எல்லோரும் கேட்கப்போவது: தடோபா பெண்கள் வந்தால் கரும்புலி அழிந்துவிடுமா? சுற்றுலாக்காரர்கள் இப்போதே புலம்புகிறார்கள்.

ஜீனத்திடம் மாறிய பிரதி இருக்க வாய்ப்பில்லை. ஒரு கரும்புலி ஆணோடு சேர்ந்தால் குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறிய பிரதி, ஒரு சாதாரண பிரதி. பார்வைக்கு எல்லாமே மஞ்சள். நாளிதழில் "கறுப்பு ஒழிந்தது" என்று தலைப்பு வரும். ஆனால் பிரதி எங்கேயும் போகவில்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தக் குட்டி வளர்ந்து இன்னொரு கரும்புலியோடு சேர்ந்தால் பாதிக்குப் பாதி கறுப்பு. தன்னைப்போல் ஒளித்து வைத்திருக்கும் இன்னொன்றோடு சேர்ந்தால் நாலில் ஒன்று.

மொத்தக் கூட்டத்துக்கும் பார்ப்போம். பேச்சுக்கு 20 புலி, 40 பிரதி. 0.58 என்றால் மாறியவை ஏறக்குறைய 23. இரண்டு பெண்கள் நான்கு சாதாரண பிரதிகளோடு வருகிறார்கள். 44க்கு 23, அதாவது 0.52. பெருக்கினால் 0.27. 34 விழுக்காடு 27 ஆகும், அதுவும் எல்லாரும் சமமாகக் குட்டி போட்டால். ஒரே ஒரு முறை வந்த விருந்தாளியால் நிறம் அழியாது. தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருந்தால்தான் கரையும்.

12 | மினசோட்டா_மாறன்

"சமமாகக் குட்டி போட்டால்" என்று கணக்குப்பிள்ளை போட்ட அந்த நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அமெரிக்கா, கனடா எல்லையில் உள்ள சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. 544 சதுர கிலோமீட்டர். 1940களின் கடைசியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் சில ஓநாய்கள் பனிமேல் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தன. மூஸ் மான்தான் சாப்பாடு. 1958இலிருந்து இன்றுவரை இந்த ஓநாயையும் மூஸையும் விடாமல் கணக்கெடுக்கிறார்கள். 1980இல் 50 ஓநாய். யாரோ கொண்டுபோன நாயிடமிருந்து பார்வோவைரஸ் தொற்றியதாகச் சொல்கிறார்கள். 1982இல் 14. அதற்குப் பிறகு பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவே இல்லை. முதுகெலும்புக் கோளாறு சர்வசாதாரணம்.

1997இல் கனடா பக்கமிருந்து ஒரே ஒரு ஆண் ஓநாய் பனிமேல் நடந்து வந்தது. அதற்கு வைத்த எண் 93. உள்ளூர் ஓநாய்களைவிட ஆள் பெரிது. வந்தவுடன் ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது, பக்கத்துக் கூட்டத்தை விரட்டியடித்தது. அதன் பிள்ளைகளும் அப்படியே. சுமார் பத்தே ஆண்டில் தீவின் ஒவ்வொரு ஓநாயும் அதன் வாரிசு. தீவின் மொத்த மரபுச் சொத்தில் 56 விழுக்காடு அந்த ஒருவருடையது! ஒரு கட்டத்தில் தன் மகளோடே சேர்ந்து குட்டி போட்டது. புது ரத்தம் என்று வந்தது, வெற்றி அளவு மீறிப் போனதால் அதுவே அடுத்த சுற்று உறவுக் கலப்புக்கு விதையாகிவிட்டது.

2012இல் பழைய சுரங்கக் குழி ஒன்றில் மூன்று ஓநாய்கள் விழுந்து செத்துக் கிடந்தன. பெரிய காட்டில் மூன்று ஓநாய் செத்தால் யாருக்கும் தெரியாது. அங்கே மிச்சமிருந்ததே விரல்விட்டு எண்ணுகிற அளவு. 2016இல் இரண்டே இரண்டு. அப்பாவும் மகளும். 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போதெல்லாம் ஏரி முன்மாதிரி அடிக்கடி முழுதாக உறைவதில்லை, அதனால் பனிப்பாலத்தை நம்பி உட்கார முடியாது.

13 | மழைக்காடன்

அடேயப்பா. அப்படியென்றால் ஜமுனாவைக் கொண்டுவந்ததே வம்பா? ஒடிசாக்காரர்கள் தீவு ஓநாய்க் கதையைத் திருப்பி எழுதுகிறார்களா?

14 | பூச்சிக்காரன்

ஒரு கதையைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். எதிர்ப்பக்கம் புளோரிடா இருக்கிறது.

அங்கே பூமா, ஊர்க்காரர்கள் பேந்தர் என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதுதான் மிச்சம். வால் நுனி மடங்கியிருக்கும், ஆண்களுக்கு விரை இறங்காது, இதயத்தில் ஓட்டை. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்தார்கள். 5 பெண்கள் குட்டி போட்டார்கள். கலப்புக் குட்டிகள் நன்றாகப் பிழைத்தன, குறைகள் குறைந்தன, எண்ணிக்கை மூன்று மடங்கானது. கவனியுங்கள், 8 பேர் வந்தார்கள், பெண்கள், அவர்களில் ஒருவர் மட்டும் கூட்டத்தைக் கைப்பற்றவில்லை. ஐல் ராயலுக்கு வந்தது தனி ஆள்.

அளவு என்ன என்று கேட்டால், மரபியலாளர் சூவல் ரைட் காலத்துச் சூத்திரம் ஒன்று உண்டு: தலைமுறைக்கு ஒரு அயலார் வந்து குட்டி போட்டால் போதும், இரண்டு கூட்டங்கள் முழுக்கப் பிரிந்துபோகாது. ஆச்சரியம் என்னவென்றால் கூட்டம் 50 ஆனாலும் 5,000 ஆனாலும் இதே ஒன்றுதான். கூட்டம் பெரிதானால் ஒரு ஆளின் பங்கு குறைகிறது, ஆனால் குலுக்கலின் வேகமும் அதே அளவில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். காட்டில் எதுவும் சூத்திரம் மாதிரி ஒழுங்காக நடக்காது என்பதால் ஒன்றிலிருந்து பத்து வரை என்று பின்னால் திருத்திச் சொன்னார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய கூட்டத்தில் கொடிய ஒடுங்கு ஜீன்கள் ஒளிந்து வாழ முடியும், ஏனென்றால் ஜோடி சேர வாய்ப்பு குறைவு. சின்னக் கூட்டத்தில் அவை அடிக்கடி ஜோடி சேர்ந்து, சுமப்பவை செத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடும். இந்தியப் புலிகளில் 2021இல் பார்த்தபோது, தனித்துப்போன ரணதம்பூர் புலிகளிடம் மிகக் கொடிய மாற்றங்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. ஆனால் மிச்சமிருப்பவை பெரும்பாலான புலிகளில் பரவியிருந்தன. ஐல் ராயல் 93ஆம் ஓநாய் பெரிய கூட்டத்திலிருந்து வந்ததால், பல்வகைமையோடு சேர்த்து ஒளிந்திருந்த சரக்கையும் கொண்டுவந்திருக்கும் என்று 2019இல் ஒரு குழு வாதிட்டது. ஆகவே ஒருமுறை கொண்டுவந்து விட்டு மாலை போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. கொண்டுவந்தால் தொடர்ந்து கொண்டுவர வேண்டும், வெவ்வேறு குடும்பத்திலிருந்து.

15 | செங்கோட்டைக்காரன்

புலி, ஓநாய் எல்லாம் சரி. எங்கள் ஊர் யானையை யாரும் பேசவில்லையே.

2024இல் இந்திய யானைகளின் டி.என்.ஏ.வைப் படித்து ஐந்து தனிக் கூட்டங்கள் என்று சொன்னார்கள். அதில் மூன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, எங்கள் கணவாய்க்குத் தெற்கே ஒன்று. வடக்கிலிருந்து தெற்கே வர வர பல்வகைமை படிப்படியாகக் குறைகிறது. அதாவது யானைகள் தெற்கு நோக்கிப் பரவியபோது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு குழுதான் அடுத்த காட்டுக்குப் போயிருக்கிறது. கடைசிப் படியில் இருப்பது அகத்தியமலைப் பக்கத்து யானைகள். அவற்றிடம்தான் மிகக் குறைவு.

பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம், யானைக்கு அது பழைய தடை. எங்கள் கணவாய் குறுகல். ஆனால் 1904இலேயே ரயில் போட்டுவிட்டார்கள், பக்கத்திலேயே கொல்லம் போகிற நெடுஞ்சாலை, எஸ்டேட்டுகள், இரவெல்லாம் லாரி. ஆரியங்காவு பக்கம் ராத்திரி பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், வண்டி வெளிச்சம் நிற்கிற நேரமே கிடையாது. பதிமூணு கண் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கத்து யானைக்கும் இந்தப் பக்கத்து யானைக்கும் சம்பந்தம் அறுந்துகொண்டிருப்பதை நினைப்பார்களா?

16 | அறுவையரங்கு

மயக்கவியல் மருத்துவராக ஒரு வார்த்தை. இது காட்டு விலங்குக்கு மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

ஆபரேஷன் தொடக்கத்தில் மூச்சுக்குழாய் செருகுவதற்காகத் தசையைத் தளர்த்த ஸ்கோலின் என்ற ஊசி போடுவோம். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும், ஐந்து பத்து நிமிடத்தில் நோயாளி தானே மூச்சுவிடுவார். அந்த நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் தசை அசையாது. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் ஆபத்தில்லை, மருந்து தானாக இறங்கும். தெரியாமல் குழாயை எடுத்துவிட்டால்தான் விபரீதம்.

இந்தக் குறை ஆரிய வைசிய சமூகத்தில் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தென்னிந்தியாவில் பயிற்சி பெற்ற எங்களுக்கு இது பாடம். முன்பரிசோதனையில் "வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சுத் திரும்ப ரொம்ப நேரம் ஆச்சாம்மா?" என்று கேட்போம். ஆமாம் என்றால் வேறு மருந்து, அவ்வளவுதான். ஊசி கண்டுபிடிக்கும்வரை அந்தக் குறையால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. ஆகவே அதைத் தேர்வு கழித்துக்கட்டவும் இல்லை, வளர்த்துவிடவும் இல்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு முன்னோர் குழுவில் யாரோ ஒருவரிடம் இருந்தது, பிறகு சமூகத்துக்குள்ளேயே திருமணம் என்ற வழக்கத்தால் வெளிவரத்து இல்லாமல் அப்படியே பெருகியது.

இது ஒரு சமூகத்தின் கதையும் அல்ல. 2017இல் தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களில் இந்த 'சிறு முன்னோர்' தடயம் ஃபின்லாந்துக்காரர்களிடம் இருப்பதைவிட ஆழமாக இருந்தது. ஃபின்லாந்தில் அதற்கென்றே நோய்ப் பட்டியல் வைத்துப் பரிசோதிக்கிறார்கள். இங்கே ஜாதகம் பார்க்க ஆள் இருக்கிறது.

17 | நெறியாளர்

டாக்டர் எழுதியது மருத்துவம். அதைப் பிடித்துக்கொண்டு எந்தச் சாதி உசத்தி, எது தாழ்த்தி என்று ஆரம்பித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் பூட்டிவிடுவேன். புலிக்குத் திரும்புங்கள்.

18 | புதுமுகம்_திருச்சி

ஒரு கடைசிச் சந்தேகம். 2022 கணக்கெடுப்பில் சிமிலிபாலில் 16இல் 10 கறுப்பு என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். அது 62 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. 37இலிருந்து 62க்குச் சில ஆண்டில் எப்படி? மழைக்காடன் சார் சொன்ன தேர்வுதான் வேலை செய்கிறதோ?

19 | மழைக்காடன்

ஆஹா, எனக்கும் ஒரு ஓட்டு!

20 | கணக்குப்பிள்ளை

ஓட்டு எண்ணிக்கை இன்னும் முடியவில்லை அண்ணா. 12 புலி மாதிரியில் 0.58 என்று வந்தால், அதன் பிழை எல்லை மட்டுமே 0.38இலிருந்து 0.78 வரை. 16இல் 10 என்பதிலிருந்து பின்னோக்கிப் போனால் 0.79. அந்த 16க்கும் இதே மாதிரி பிழை எல்லை உண்டு. இரண்டும் நன்றாகவே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒரு கறுப்பு ஜோடி ஒரு ஈற்றில் மூன்று குட்டி போட்டு மூன்றும் பிழைத்தால் போதும், இந்த விழுக்காடு எகிறிவிடும். ஒரு கறுப்பு ஆண் சண்டையில் செத்தால் இறங்கிவிடும். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் விழுக்காடு போடுவதே கொஞ்சம் ஏமாற்று. 16இல் 10 என்று எண்ணாகவே சொல்வது நல்லது.

21 | வரிப்புலி

அப்படியானால் ஜமுனா, ஜீனத் வந்ததன் பலனை எதை வைத்துப் பார்ப்பது? நிறத்தை வைத்துப் பார்க்க முடியாது, கலப்புக் குட்டி எல்லாம் மஞ்சளாகத்தானே பிறக்கும்.

22 | பூச்சிக்காரன்

எச்சம் பொறுக்க வேண்டியதுதான். கேமரா குட்டி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்தக் குட்டியின் அம்மா தடோபாவா உள்ளூரா, அப்பா யார், ஒளிந்த பிரதி இருக்கிறதா என்பதை டி.என்.ஏ.தான் சொல்லும். ஆண்டுதோறும் ஒரே வழித்தடத்தில் எடுத்து, ஒரே இடங்களைப் பார்த்து, பல்வகைமை கூடுகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒரே தாயின் வாரிசுகளே காட்டை நிறைத்தால் அதுவும் அதில் முதலிலேயே தெரிந்துவிடும், ஐல் ராயல் மாதிரி இருபது வருஷம் கழித்து வருத்தப்பட வேண்டாம்.

23 | கரக்பூர்க்காரன்

2025 ஏப்ரலில் அங்கே 845 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாரிபதா பக்கம் கரும்புலி சஃபாரி வேறு வரப்போகிறதாம். சஃபாரிக்குப் பிடித்து வைக்கிற கரும்புலியையும் கணக்கில் கழிக்க வேண்டும் இல்லையா கணக்குப்பிள்ளை?

24 | கணக்குப்பிள்ளை

காட்டிலிருந்து எடுத்தால் ஒன்றுக்கு இரண்டு பிரதி கழியும். அடிபட்ட புலி, நந்தன்கானனில் உபரியாக இருக்கும் புலி ஆகியவற்றை வைத்துத்தான் நடத்துவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியே நடந்தால் காட்டுக் கணக்கு மாறாது.